ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் ஆமை வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,



ஒட்டன்சத்திரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டில் ஆமை வைத்திருக்கும் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். மீன் கடையில் பச்சை ஆமைக்குஞ்சு வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கும் பெற்றோர்கள், முருங்கைக் காட்டில் கண்ணில் பட்ட ஆமையைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து மொட்டைமாடியில் விட்டிருக்கும் விவசாயிகள், வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் தங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி நட்சத்திர ஆமைக்கு முன்பணம் கொடுத்தவர்கள், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் என எல்லோரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

உங்களில் பெரும்பாலோர் ஆசைப்பட்டு, அன்போடுதான் வளர்க்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆமை தன் வலியைச் சத்தம்போட்டுச் சொல்லாத உயிர். நாய் முனகும், பூனை கத்தும், மாடு தீவனத்தை ஒதுக்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆமையோ மாதக்கணக்கில் நோயோடு இருந்தாலும் பார்ப்பதற்கு நன்றாக இருப்பதுபோலவே தெரியும். நமக்குப் புலப்படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் அன்பு மட்டும் போதாது, விவரமும் வேண்டும்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்த ஆமை என்று பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மேடான கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும் நட்சத்திர ஆமை. இது தரையில் வாழ்வது. மற்றொன்று, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள பச்சை ஆமை. கடைக்காரர்கள் ரெட் இயர்டு ஸ்லைடர் என்றோ, வெறுமனே கலர் ஆமை என்றோ சொல்லி விற்பது இதைத்தான். இது தண்ணீரில் வாழ்வது. முதலாவது இந்த மண்ணுக்குச் சொந்தமானது, வீட்டில் இருக்கவே கூடாது. இரண்டாவது இந்த மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாதது, வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதை விளக்கத்தான் இத்தனை பக்கம்.

நட்சத்திர ஆமையைப் பற்றி முதலில் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட முள்காடுதான் அதன் வீடு. பழனி மலையின் வடக்கு அடிவாரத்திலிருந்து கள்ளிமந்தையம், மூலனூர்ப் பக்கம் வரை நீளும் நம் கரடுகளையும் கொறங்காடுகளையும் எண்ணிப் பாருங்கள். வெள்வேல மரம், கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், சப்பாத்திக்கள்ளி இவைதான் இந்த ஆமைக்கு ஏற்ற உலகம். ஓட்டில் உள்ள அந்த மஞ்சள் கோடுகள் நமக்கு அழகாகத் தெரிகின்றன. காய்ந்த புல்லுக்கு நடுவே அது அசையாமல் உட்கார்ந்தால் வெயிலும் நிழலும் கலந்த தரையிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. நரிக்கும் கீரிக்கும் தப்பிப்பதற்காக அதற்கு வாய்த்த மறைப்பு அது. அந்த அழகே மனிதனிடம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கோடையில் விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் மேய்ந்துவிட்டுப் புதருக்குள் அடங்கும். மழை பெய்தால் நாள் முழுக்க நடமாடும். இணை சேர்வதும் மழைக்காலத்தில்தான். முட்டையிடப்போகும் பெட்டை, இறுகிய மண்ணைத் தன் சிறுநீரால் நனைத்து இளக்கிக்கொண்டு பின்னங்கால்களால் குழி தோண்டும். ஒரு தடவைக்குச் சில முட்டைகள்தான். குஞ்சுகள் பெரும்பாலும் காக்கைக்கும் கீரிக்கும் இரையாகும். தப்பிப் பிழைத்த ஒன்று வளர்ந்து முட்டையிடுவதற்கே பல ஆண்டுகள் ஆகும். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில், வளர்ந்த பெட்டை ஒன்றை நாம் காட்டிலிருந்து எடுத்துவிட்டால், அது இன்னும் பல பத்தாண்டுகள் இட்டிருக்கக்கூடிய முட்டைகளையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம்.

எடுத்துக்கொண்டு போவது கொஞ்ச நஞ்சமும் இல்லை. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு, 2009 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரை இந்தியாவில் பிடிபட்ட கடத்தல்களைத் தொகுத்துப் பார்த்தது. பத்தாண்டில் குறைந்தது 1,11,310 நில ஆமைகளும் நன்னீர் ஆமைகளும் கள்ளச் சந்தைக்குப் போயிருக்கின்றன. வாரத்துக்கு இருநூறுக்கும் மேல். பிடிபட்ட கணக்கு மட்டுமே இவ்வளவு. அதில் நட்சத்திர ஆமைக்கு முன்வரிசை இடம். ஆந்திரத்தில் ஒரே ஒரு கடத்தல் மையத்திலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிக்குள் துணியில் சுற்றி அடுக்கிய நட்சத்திர ஆமைகளைச் சுங்கத்துறையினர் பறிமுதல் செய்த செய்திகளைப் பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். காலும் தலையும் வெளியே வரமுடியாதபடி ஒட்டுநாடா சுற்றி, உணவும் நீரும் இல்லாமல் அவை பயணம் செய்கின்றன. உங்கள் வீட்டுக்கு வந்த ஆமையும் அந்த வழியில் ஏதோ ஒரு கண்ணியிலிருந்து பிரிந்து வந்ததுதான்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் வாசலுக்கு வந்த ஆமையைக்கூட உள்ளே விடமாட்டார்கள். இன்று அதே வீடுகளில், வாஸ்து என்றும் தனயோகம் என்றும் சொல்லி உயிருள்ள ஆமையைப் பணம் கொடுத்து வாங்குகிறோம். ஆமையால் வீடு கெட்டதும் இல்லை, ஆமையால் கடன் தீர்ந்ததும் இல்லை. முதல் நம்பிக்கையால் ஆமைக்குத் தீங்கில்லை, அது பாட்டுக்குக் காட்டில் இருந்தது. இரண்டாவது நம்பிக்கைதான் அதைத் தொட்டிக்குள் கொண்டுவந்து போட்டது. இந்த விலைக்கு வாங்கு, வடக்குப் பக்கம் வை, இத்தனை நகம் இருந்தால்தான் யோகம் என்று சொல்லித் தருகிறவர்கள் உங்களிடம் காசு பார்க்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் சட்டத்தின் முன் தனியாக நிற்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முன்பு நான்காவது அட்டவணையில் இருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது அது புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வெளிநாட்டு வணிகத்துக்கும் வழியில்லை. வனவிலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, இந்த ஆமையை முதல் பட்டியலில் சேர்த்து, காட்டில் பிடித்தவற்றின் சர்வதேச வியாபாரத்தைத் தடை செய்துவிட்டது. நம் குளங்களிலும் கிணறுகளிலும் இருக்கும் பால் ஆமையும் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. கிணறு தூர்வாரும்போது கிடைத்தது, பிள்ளை ஆசைப்பட்டான், ஒரு பக்கெட்டில் போட்டு வைத்தோம் என்றால் அதுவும் குற்றமே.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஒரு வீட்டு மொட்டைமாடியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீல நிறப் பிளாஸ்டிக் டப். அதற்குள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய நட்சத்திர ஆமை. வழுவழுப்பான தரையில் கால் ஊன்றவே முடியாமல் ஒரே மூலையில் சறுக்கிச் சறுக்கி ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பால் சோறு, மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த முட்டைக்கோஸ் மட்டை, தக்காளி. ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்புபோல மேலெழும்பி இருந்தது. குஞ்சிலிருந்தே தப்பான தீனியும் தப்பான சூழலும் அமைந்தால் ஓடு இப்படித்தான் கோணும், பிறகு நிமிராது. மூக்கிலிருந்து நீர்க்குமிழி வந்துகொண்டிருந்தது. அது சளி இல்லை, நுரையீரல் நோயின் தொடக்கம். ஓட்டின் பின் விளிம்பில் ஒரு துளை போட்டு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். மாடியிலிருந்து விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் ஆமையின் ஓடு அதன் மேல் போட்ட மூடி இல்லை. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து ஆனதுதான் அந்த ஓடு. அதில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. துளை போட்டால் எலும்பில் துளை போடும் வலி அதற்கு. அந்தக் குடும்பத்தார் நல்லவர்கள். விவரம் சொன்னதும் அந்த அம்மா கண் கலங்கிவிட்டார்.

உங்கள் வீட்டில் நட்சத்திர ஆமையோ பால் ஆமையோ இருந்தால், தயவுசெய்து ஒட்டன்சத்திரம் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். தயக்கமாக இருந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரையோ தெரிந்த வழக்கறிஞரையோ கலந்துகொண்டு போங்கள். தானாக முன்வந்து சொல்வது, யாரோ சொல்லி வனத்துறையினர் வந்து கதவைத் தட்டுவதைவிட எந்த வகையிலும் மேல். அதுவரை அதை நிழலும் வெயிலும் உள்ள காய்ந்த தரையில் வையுங்கள். புல்லும் முருங்கைக் கீரையும் போடுங்கள். பால், சோறு, ரொட்டி வேண்டாம். தட்டையான தட்டில் கொஞ்சம் தண்ணீர் போதும். தண்ணீர் ஆமை என்று நினைத்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துப்போகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மனசு கேட்காமல் நீங்களே கொண்டுபோய்க் கரட்டில் விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த ஆமை வேறு ஆமைகளோடும் கோழிகளோடும் இருந்து நோயை ஏற்றிக்கொண்டிருக்கலாம். அதைக் காட்டில் விட்டால் அங்கே இருப்பவற்றுக்கும் நோய் பரவும். அது எந்த மாநிலத்து ஆமை என்றும் நமக்குத் தெரியாது. குஜராத், ராஜஸ்தான் பக்கத்து நட்சத்திர ஆமையும் நம் பக்கத்து ஆமையும் மரபில் ஒன்றில்லை. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகளைக் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவற்றைக்கூட நேராகக் காட்டில் திறந்துவிடவில்லை. தனியே வைத்துப் பரிசோதித்து, கண்காணித்து, அதன் பிறகுதான் காட்டைப் பற்றிப் பேச்சு. அந்த வேலையை அதற்குரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

காட்டோரச் சாலையிலோ தோட்டத்திலோ நட்சத்திர ஆமையைப் பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டி வருகிற இடமென்றால், அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே தூக்கி ஓரத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். தாழ்வாக, மெதுவாகத் தூக்குங்கள். பயந்தால் சிறுநீரை வெளியேற்றிவிடும். வறண்ட நில ஆமைக்கு அது சேமித்து வைத்த தண்ணீர். கோடையில் அதை இழந்தால் மறுமழை வரை தாக்குப்பிடிப்பது கஷ்டம். கையில் வைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம், அந்த இடத்தின் பெயரை முகநூலில் போடுவதும் வேண்டாம். பிடிக்க வருகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

இனி, பச்சை ஆமை வைத்திருப்பவர்களுக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் ரெட் இயர்டு ஸ்லைடரின் பூர்வீகம். அங்கே பண்ணைகளில் லட்சக்கணக்கில் பொரிக்கவைத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். கடையில் பார்க்கும்போது ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். கடைக்காரர் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணமும் பிளாஸ்டிக் தென்னைமரமும் ஒரு டப்பா காய்ந்த இறாலும் சேர்த்துத் தருவார். இதற்குமேல் வளராது என்றும் சொல்வார். அது உண்மையில்லை. நன்றாக வளர்ந்த பெட்டை ஓர் அடி நீளத்தை நெருங்கும். முப்பது ஆண்டு வாழும். இன்று உங்கள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அது இருக்கும். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றை யோசித்தாலே பாதிப் பேர் வாங்கமாட்டீர்கள். அதுதான் என் விருப்பமும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் அதன் ஆயுள் முழுக்க அது உங்கள் பொறுப்பு. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்கிறேன்.

முதலில் இடம். கிண்ணத்தைத் தூக்கிப் போடுங்கள். ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். நம் ஊர் வீடுகளில் இதற்குக் கண்ணாடித் தொட்டி தேவையில்லை. பின்கட்டில் கிடக்கும் பழைய சிமெண்ட் தொட்டி போதும். பாதிக்கு நிழல், பாதிக்கு வெயில் படும்படி வையுங்கள். ஆமை நீருக்கு வெளியே முழுக்க ஏறி உட்கார்ந்து உடம்பைக் காயவைக்க ஒரு சரிவான கல் கட்டாயம் வேண்டும். நாள் முழுக்க ஈரத்திலேயே கிடந்தால் ஓடு அழுகும்.

அடுத்தது வெயில். ஆமையின் உடம்பு சுண்ணாம்புச்சத்தை ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி வேண்டும், அதற்குச் சூரியனின் புற ஊதாக் கதிர் நேராக மேலே பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காலை வெயில் தினமும் ஒரு மணி நேரமாவது நேரடியாகப் படட்டும். சித்திரை வெயிலில் நிழலே இல்லாத தொட்டியில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடாதீர்கள், சூடேறி இறந்துவிடும்.

பிறகு தீனி. காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்த ஒரு ஆமையைப் பக்கத்துத் தெருவில் பார்த்தேன். இரண்டு கண்ணும் உளுந்து அளவுக்கு வீங்கி மூடியிருந்தன. கண் தெரியாததால் தீனியைத் தேட முடியவில்லை, தீனி தின்னாததால் உடம்பு இன்னும் மோசமானது. வைட்டமின் ஏ குறைபாட்டின் அடையாளம் அது. குஞ்சுகளுக்கு மண்புழு, சின்ன மீன், ஆமைகளுக்கென்றே விற்கும் தரமான குச்சித் தீனி என்று தினமும் கொடுங்கள். வளர வளரக் கீரை வகை கூடவேண்டும், மாமிசம் குறையவேண்டும். பெரிய ஆமைக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை போதும். ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்குக் கீரைக்கா பஞ்சம்? முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச்சத்து நிறைய இருக்கிறது, பொடியாகக் கிள்ளிப் போடலாம். கேரட்டைத் துருவிப் போடலாம். தண்ணீரில் மிதக்கும் வெங்காயத்தாமரையையும் தின்னும். மருந்தடித்த காய்கறி, கீரை எதுவானாலும் நன்றாகக் கழுவிய பிறகே. நம் காடுகளில் விளையும் கண்வலிக்கிழங்கின் இலை, பூ, கொடி எதுவும் எந்த ஆமைக்கும் பக்கத்தில்கூட வரக்கூடாது, அத்தனையும் நஞ்சு. ஓடு மெத்தென்று அமுங்கினால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள், வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். இந்த ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்க முடியும் என்பதால் தீனியைத் தரையில் வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் நாறினால் ஆமை நோயில் விழும். தின்ற இடத்திலேயே கழியும் உயிர் என்பதால் வாரம் ஒரு முறையாவது பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் பிடித்து வைத்திருந்து ஊற்றுங்கள். நீந்தும்போது ஒருபக்கமாகச் சாய்ந்தால், வாயைத் திறந்து மூச்சுவிட்டால், நுரையீரலில் நோய் வந்திருக்கிறது என்று பொருள். மஞ்சள் பூசிக் காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் சொன்னால் உடுமலைப்பேட்டை அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். பெட்டை ஆமை ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்து இறந்துவிடக்கூடும். வளர்ந்த பெட்டை தின்னாமல் சுவரைப் பிராண்டிக்கொண்டே இருந்தால் ஒரு மூலையில் ஈரமணல் கொட்டிக் கொடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து விளையாடி நோயில் விழுந்ததால்தான் 1975இல் அமெரிக்க அரசு, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதையே தடை செய்தது. எந்த நாட்டிலிருந்து இது வந்ததோ அந்த நாடே விற்கத் தடுத்த அளவுக் குஞ்சைத்தான் நம் கடைகளில் பிள்ளைகள் உள்ளங்கையில் வைக்கிறோம். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டாதீர்கள், தென்னைக்கு ஊற்றுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் ஆமை இல்லாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவும் செய்ய முடியாமல் சலித்துப்போகும் நாள் ஒன்று வரும். ஆமை பெரிதாகிவிட்டது, தண்ணீர் நாறுகிறது, பிள்ளைக்கு ஆசை தீர்ந்துவிட்டது. அப்போது பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடு செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பரப்பலாறு அணையிலோ, கோயில் குளத்திலோ, சுற்றுலா போகிறபோது கொடைக்கானல் ஏரியிலோ விட்டுவிட்டு, விடுதலை கொடுத்துவிட்டதாக நிம்மதியடைகிறார்கள்.

உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் ரெட் இயர்டு ஸ்லைடரும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. உறைபனி விழும் நாட்டிலிருந்து வந்ததால் கொடைக்கானல் குளிர் அதை ஒன்றும் செய்யாது. நம் குளத்து ஆமைகளான காராமையைவிடவும் பால் ஆமையைவிடவும் வேகமாக வளர்ந்து, வெயில் காயும் கல்லிலிருந்து அவற்றைத் தள்ளிவிடும். தவளைக் குஞ்சு, மீன் முட்டை, நீர்ச்செடி எதையும் விடாது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் கால்வாயில் இந்த ஆமை தென்பட்ட பிறகு, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தேடிப் பிடிக்கும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. நம் பக்கம் அந்த நிலை வந்தால் அத்தோடு நிற்காது. பரப்பலாற்றில் விட்டது நங்காஞ்சியாற்றில் இறங்கும், நங்காஞ்சியாறு அமராவதியில் கலக்கும், அமராவதி கரூருக்குக் கிழக்கே காவிரியில் சேரும். ஒரு வீட்டுத் தொட்டியில் தொடங்கியது டெல்டாவரை போகும்.

நம் குளத்து ஆமைகள் என்ன வேலை செய்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். செத்த மீனையும் அழுகியதையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைப்பது பால் ஆமை. நத்தையையும் பூச்சிகளையும் குறைப்பதும் அதுதான். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மாதக்கணக்கில் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். சம்பளமில்லாமல் நம் குளத்தைக் காக்கும் அந்த உயிருக்குப் போட்டியாக நாமே அயலூர் ஆமையைக் கொண்டுவந்து விடலாமா? வளர்க்க முடியாதவர்கள் நன்றாக வளர்க்கும் வேறொருவரிடம் கொடுங்கள். முடியாவிட்டால் வனத்துறையிடமோ கால்நடை மருத்துவக் கல்லூரியிடமோ கேளுங்கள். தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆமையின் மீது பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசையை அணைத்துவிடாதீர்கள், அதற்கு வேறு வழி காட்டுங்கள். விஜயா என்ற பெண்ணைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். சென்னைப் பாம்புப் பண்ணையில் சேர்ந்து, ஆமைகளுக்காகவே வாழ்ந்து, 1987இல் இருபத்தெட்டாவது வயதிலேயே மறைந்துபோன ஜெ. விஜயாதான் இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று போற்றப்படுகிறார். பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாதிருந்த ஒரு காட்டு ஆமையை 1982இல் கேரளத்துக் காட்டில் மீண்டும் கண்டறிந்தவர் அவர். அந்த ஆமையின் பேரினத்துக்கு 2006இல் விஜயாகெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆமையை வீட்டுக்குள் கொண்டுவராமல், அது இருக்கும் இடத்துக்குத் தானே போய்ப் பார்த்தவர் அவர். நம் பிள்ளைகளும் அப்படிப் பார்க்கலாம். மழை விட்ட மாலையில் ஊர்க் குளத்தங்கரையில் சத்தம்போடாமல் உட்கார்ந்தால், கல்மேல் ஏறி வெயில் காயும் காராமையைப் பார்க்க முடியும். அதற்குக் காசு வேண்டாம், தொட்டி வேண்டாம், யாருக்கும் பயப்படவும் வேண்டாம்.

என் வேண்டுகோள் இதுதான். நட்சத்திர ஆமையை யாரும் வாங்காதீர்கள், வைத்திருப்பவர்கள் இந்த வாரமே வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பச்சை ஆமையைப் புதிதாக வாங்காதீர்கள், வைத்திருப்பவர்கள் அது சாகும்வரை நல்லபடியாகக் காப்பாற்றுங்கள். எந்த ஆமையையும் எந்தக் குளத்திலும் ஆற்றிலும் கொண்டுபோய் விடாதீர்கள். இந்த மடலைப் படித்தவர்கள், ஆமை வைத்திருக்கும் இன்னொருவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
ஒட்டன்சத்திரம்.